நடுவில் நிற்கும் ஆள்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில், கீரப்பாளையம் ஒன்றியத்து வயல்களில் நடவுக் காலத்தில் இப்போது தமிழ்ப் பேச்சு மட்டும் கேட்பதில்லை. மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்திறங்கும் ஆண்கள் நாற்றைப் பறித்துக் கட்டித் தூக்கி, வரிசை பிடித்து நட்டு, ஒரு வயல் முடிந்த கையோடு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். சிதம்பரம், புவனகிரி வட்டாரத்தில் மட்டுமல்லாமல் காவிரிப் பாசனப் பகுதி நெடுகவே சில ஆண்டுகளில் பழகிவிட்ட காட்சி இது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளூர் இளைஞர்கள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். நூறு நாள் வேலை வந்தபின் கூலி பேசும் முறையும் மாறிவிட்டது. வீராணத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும்.

வயல்காரருக்கும் நடுகிறவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஊரார் வந்தவர்களை ‘இந்திக்காரங்க’ என்கிறார்கள். வந்தவருக்கோ இந்தி இரண்டாவது மொழி. சந்தையிலும் ரயிலிலும் கற்றுக்கொண்டது. ஆக, வரப்பில் நடக்கும் பேச்சு இருவருக்கும் தாய்மொழியல்லாத அரைகுறை இந்தியில் நடக்கிறது. அதற்கு மேல் பேச வேண்டியதையெல்லாம் பேசுவதற்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறார். ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, தங்குவது எங்கே என்ற எல்லாமே அவர் வழியாகத்தான் போய் வருகின்றன.

வேறு வேறு பழக்கவழக்கமும் மொழியும் உள்ளவர்கள் ஒரே வேலையிடத்தில் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்விக்கு மேலாண்மைப் படிப்பில் பெரிய இலக்கியமே உண்டு. அதில் பெரும்பகுதி, பண்பாட்டைத் தெரிந்துகொண்டால் பேச்சு சரியாகிவிடும் என்று சொல்கிறது. நம் பகுதியின் அனுபவத்தை முந்நூறு ஆண்டு பின்னோக்கிப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழி தெரியாத இடத்தில் எல்லாம் நாம் ஒரு நடு ஆளை நிறுத்தியிருக்கிறோம். அவர் வழியாக ஏவல் தடையில்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. குறை மேலே ஏறியதில்லை. சிக்கல் வெடித்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் குறை ஏற வழியில்லாமல் போன இடங்களாகவே இருக்கின்றன.

முதலில் வயலிலிருந்தே ஒரு கணக்கு. கடலூர் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நிலத்தைக் காணியில்தான் பேசுகிறார்கள். ஒரு காணி 57,600 சதுர அடி, சென்ட்டில் சொன்னால் 132. வங்காளத்து உழவரின் அளவு பீகா. இருபது கட்டா ஒரு பீகா, அதாவது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். நான்கு பீகா சேர்ந்தால் ஒரு காணி. ஒரு சதுர அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, சேற்றில் குச்சியால் கோடு போட்டுப் பேசினாலே கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பேச்சு நடப்பது ஏக்கரில், அதுவும் ஏஜென்ட் வாயால். வயல்காரர் மனதில் காணி இருந்து, நடுகிறவர் அதை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால், காணிக்கு 32 சென்ட் நிலம் கூலியில்லாமல் நடப்பட்டுவிடும். வயல்காரர் ஏமாற்றியதாக நடுகிறவர் நினைப்பார். ‘பேசுனது ஒண்ணு, இப்ப கேக்குறது ஒண்ணு’ என்று வயல்காரர் சொல்வார். பீகாரிலிருந்து வந்த குழு என்றால் இன்னும் சிக்கல், அங்கே பீகாவின் அளவு ஊருக்கு ஊர் மாறும். இந்தத் தகராறில் பண்பாட்டு வேற்றுமை எதுவும் இல்லை. இரண்டு பேருமே நெல் விளைவிக்கிறவர்கள், புழுங்கலரிசி தின்கிறவர்கள். அளவை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மேலாண்மைப் புத்தகங்களுக்கு வருவோம். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1959-ல் எழுதிய ‘மௌன மொழி’ இந்தத் துறைக்கு வாசல் திறந்தது என்பார்கள். நேரத்தையும் இடைவெளியையும் சொல்லாமல் விடுவதையும் ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது என்று காட்டியவர் அவர். சொல்லாமலே புரிந்துகொள்ளும் சமூகம், எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும் சமூகம் என்ற பிரிவினையும் அவருடையதே. நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் இதை எண்களாக மாற்றினார். 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து 1980-ல் தம் நூலை வெளியிட்டார். மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் உள்ள தூரத்தை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அவர் போட்ட அளவுகோலில் இந்தியாவுக்கு 77. உயர்ந்த எண்தான். இன்றும் ஐடி நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் அந்த 77-ஐ ஏதோ ஜாதகக் கட்டம் மாதிரி திரையில் போட்டுக் காட்டுகிறார்கள்.

அந்த வினாத்தாளை நிரப்பியவர்கள் யார் என்று கேட்டால் மரியாதை கொஞ்சம் குறைந்துவிடும். ஒரே கம்பெனியின் சம்பளக்காரர்கள். அவர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்று ஆய்வாளர் பிரண்டன் மெக்ஸ்வீனி 2002-ல் கேட்டது நியாயமான கேள்வி. நான் அதற்கு மேலும் ஒன்று கேட்பேன். நாற்று நடுகிற ஆளுக்கும் வயல்காரருக்கும், சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே உள்ள தூரம் பண்பாட்டிலிருந்து வந்ததா, அல்லது நாளைக்கு வேலை கிடைக்குமா என்ற பயத்திலிருந்து வந்ததா? ஹாஃப்ஸ்டெட்டின் எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

தூரம் என்பது வேற்று மொழிக்காரர்களுக்கு இடையே மட்டும் இருப்பதும் இல்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் நடந்த ஆங்கில உரையாடல் குழம்பியதை எல்லோரும் சொல்வார்கள். டச்சு விமானத்தின் அறைக்குள் நடந்ததுதான் என்னை நிறுத்துகிறது. எதிரில் உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். மூத்த விமானி ஆமாம் என்று அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே சீருடை. கீழிருந்தவரின் சொல் மேலே ஏறவில்லை. அந்த விபத்தும் அதுபோன்ற வேறு சில விபத்துகளும் சேர்ந்து, இளையவர் மூத்தவரை மறுத்துப் பேசுவதை விமானத் துறை பாடமாகவே நடத்தத் தொடங்கியது. ஒரு துறை பண்பாட்டு அறிவுரையைக் கடந்து, பேச்சு ஏறும் வழியை விதியாக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் கடற்கரையில் நடு ஆளின் வரலாறு பழையது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையை வாங்கியது. சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன 1746-லிருந்து சில ஆண்டுகள் கம்பெனியின் தலைமையிடமே அதுதான். தெற்கே பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் இருந்திருக்கிறார்கள், வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். இவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவே நின்றவர்கள் துபாஷிகள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் அந்தப் பதவியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு, துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பது தெரியும். யாருடைய பேச்சு துரை காதுக்குப் போகும், எப்போது போகும், எந்தத் தொனியில் போகும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. அந்தப் பதவிக்கு நடந்த போட்டியும் அதனால்தான்.

இதனால் அதிகமாகச் சங்கடப்பட்டவர்கள் கம்பெனி அதிகாரிகள். தாங்கள் சொன்னதுதான் சொல்லப்பட்டதா என்று அவர்களுக்கே தெரியாது. 1812-ல் அவர்களில் ஒருவரான எல்லிஸ் முன்னின்று சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கி, இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்துத் தேர்வு வைத்ததன் பின்னால், நடு ஆளைத் தாண்டிப் போகும் ஆசையும் இருந்தது. மேலிருப்பவர் கீழிருப்பவரின் மொழியைக் கற்பது என்ற வழி நம் பக்கத்தில் இதற்கு நூறு ஆண்டு முந்தியது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அவருடைய நோக்கம் மதம். ஆனாலும் தரையில் உட்கார்ந்த அந்தச் செயல் இன்றைய பயிற்சி நிறுவனங்கள் விற்கும் பல வகுப்புகளைவிட மேல்.

மொழி கற்றாலே போதுமா என்பதற்கு இலங்கைத் தோட்டங்கள் பதில் சொல்கின்றன. காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழகத்திலிருந்து போனவர்களைத் திரட்டியதும் மேய்த்ததும் கங்காணிகள். கூலியாட்களின் தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு வருமானம். கடன் சீட்டான ‘துண்டு’ ஒருவரைத் தோட்டத்தோடும் கங்காணியோடும் கட்டிவைத்தது. 1921-ல்தான் அது ஒழிந்தது. வெள்ளைக்காரத் துரைகள் தமிழ் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர்களுக்காகக் கொழும்பில் கைநூல்கள் அச்சாயின. 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் இளம் துரைகள் தமிழ்த் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஏவுவதற்குப் போதுமான தமிழ் அவர்களிடம் இருந்தது. கங்காணி மேல் ஒரு பெண் சொல்லும் புகாரைக் கேட்பதற்கு அந்தத் தமிழ் பயன்படவேண்டிய அவசியம் தோட்டத்தின் அமைப்பில் இல்லை. மொழி இருந்தும் வழி இல்லை.

கீரப்பாளையத்திலிருந்து சேத்தியாத்தோப்பைத் தாண்டினால் நெய்வேலி. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. சுரங்கத்து ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. பல மாநிலத்தார் ஒரே நகரியத்தில் குடியேறினார்கள். நம் மாவட்டத்தில் பல பண்பாட்டு வேலையிடம் என்றால் இதுதான் பெரியது. அங்கே தூரம் பல அடுக்காக இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்துவிட்டு வேலை கேட்டு நிற்கும் கிராமத்தார், அதிகாரி என்று. கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து அகில இந்திய அளவில் பொறியாளர்களை எடுத்தபோது தமிழ்நாட்டவர் மிகக் குறைவு என்று 2022-ல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. வேலைவாய்ப்பு நியாயம் அதில் முதல் பிரச்சினை. வயலில் உள்ள நிலைமைக்கு நேர் தலைகீழாக, அங்கே வெளியூர்க்காரர் மேலே, உள்ளூர்க்காரர் கீழே. ஷிஃப்டில் ஒரு கன்வேயர் பெல்ட்டில் கோளாறு என்று தொழிலாளி சொன்னால் அது எந்த மொழியில் மேலே போகும் என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. தமிழ்நாட்டில் பணிக்கு வரும் அதிகாரி தமிழ் பேசக் கற்க வேண்டும் என்பதை நான் மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, உயிருக்காகச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அந்தப் பெண்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டவர். விடுதியை நடத்தியவர்களும் மொழி தெரியாதவர்கள் இல்லை. ஆனால் விடுதி ஒரு ஒப்பந்தக்காரர், ஆள் எடுப்பது இன்னொருவர், ஆலை தைவான் நிறுவனம், பொருள் அமெரிக்க நிறுவனத்துக்கு. தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த நால்வரில் யாரிடமிருந்தும் நம்பும்படியான பதில் வராததால் சாலைக்கு வந்தார்கள்.

2024 செப்டம்பர் 9 அன்று அதே பக்கத்துச் சாம்சங் ஆலையில் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை சிலர் கொரியப் பண்பாட்டுக்கும் தமிழ்ப் பண்பாட்டுக்கும் நடந்த மோதல் என்று எழுதினார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான விளக்கமாகப் படுகிறது. தொழிலாளர்கள் கேட்டதில் முதன்மையானது சங்கத்துக்கு அங்கீகாரம், அதாவது தங்கள் பேச்சை ஒரு அமைப்பாகச் சொல்லும் உரிமை. நிர்வாகம் தான் அமைத்த குழுவோடு பேசலாம் என்றது. சாம்சங் தன் சொந்த நாட்டிலேயே சங்கமில்லாக் கொள்கையைக் கைவிடுவதாக 2020-ல்தான் அறிவித்தது. கொரியாவிலும் காஞ்சிபுரத்திலும் ஒரே கோரிக்கை எழுந்திருக்கும்போது பண்பாட்டு வேற்றுமை எங்கே வந்தது?

பேச்சு ஏறாத இடத்தை வதந்தி நிரப்பும் என்பதற்கு 2023 மார்ச் போதும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஆட்கள் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, இந்தியில் அறிவிப்புகள் வெளியாயின. அதுவரை வடக்கத்தித் தொழிலாளிக்கும் அரசுக்கும் நடுவே பேச வழியில்லாமல் இருந்ததை அந்த ஒரு வாரம் அம்பலப்படுத்தியது. அவர் நம்பும் செய்தி எல்லாம் ஊரிலிருந்து கைபேசியில் வந்ததுதான். பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர் சொல்வதைக்கூட அவரால் விளங்கிக்கொள்ள முடியாது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை, பாதி யோசித்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. எல்லோரும் ஓர் ஊர்க்காரர்களாக இருந்த காலத்துக்கு அது சரி. இருநூறு பேரில் அறுபது பேர் ஒடியாக்காரர்கள் என்றால் அந்த அறுபது பேருக்கு அந்தச் சட்டப்படி ஒன்றும் ஒட்டவேண்டியிருக்கவில்லை. ஆபத்து மிகுந்த வேலை பெரும்பாலும் அந்தச் சிறுபான்மையிடம்தான் போகிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்கள் பல விலகிவிட்டன. வயலில் நடுகிறவருக்கு எந்தக் காலத்திலும் அறிவிப்புப் பலகை இருந்ததில்லை.

முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. கேரளத்தின் எழுத்தறிவு இயக்கம் 2017-ல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத்தவருக்கு மலையாளம் கற்பித்தது. நல்ல காரியம். அதில் கற்றுக்கொள்ள வேண்டிய சுமை மட்டும் வந்தவர் தலையில். சிங்கப்பூர் இன்னொரு பாதையில் போனது. புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உரிமைகள், சட்டம், புகார் சொல்லும் இடம் இவற்றை அவரவர் மொழியிலேயே ஒருநாள் வகுப்பாக 2018 முதல் நடத்துகிறது. கடலூர் மாவட்டத்திலிருந்து அங்கே போகும் கட்டுமானத் தொழிலாளி சம்பளம் பாக்கியென்றால் எங்கே போவது என்பதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அதே ஆள் ஊர் திரும்பி வீடு கட்டும்போது, சாரத்தில் ஏறும் வங்காளத்துப் பையனுக்கு வங்காள மொழியில் ஒரு சொல்லும் சொல்வார் இல்லை. சிங்கப்பூரை நான் புகழவில்லை. அங்குள்ள தங்குமிடங்களின் குறைகள் பெருந்தொற்றுக் காலத்தில் உலகுக்கே தெரிந்தன. ஆனாலும் இந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கைபேசி மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பவர்கள் உண்டு. மத்திய அரசின் பாஷிணி செயலியும் கூகுளும் தமிழை வங்காளமாக்கிப் பேசிக் காட்டுகின்றன. ‘குத்துக்கு எத்தனை நாற்று’ போன்ற வயல் பேச்சில் அவை தடுமாறும், போகப்போகத் தேறும். பொருளைப் பற்றிய பேச்சுக்கு உதவும். கூலியைப் பற்றிய சண்டைக்குக் கைபேசி யாருடையது என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

இதில் பேசப்படாத இன்னொரு தரப்பு உள்ளூர் நடவுப் பெண்கள். நடவு இந்தப் பக்கத்தில் பெண்கள் வேலை, பெரும்பாலும் தலித் பெண்களின் வேலை. வெளியூர்க் குழு ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசுவதால், நாள் கூலிக்கு வரும் இவர்கள் நடவு நாட்களை இழக்கிறார்கள். வந்தவர்கள் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் விலையை இறக்கியது வந்தவரா, நடுவில் கமிஷன் எடுப்பவரா என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வழியே இல்லை. பழைய துபாஷியின் லாபமும் இந்த மௌனத்தில்தான் இருந்தது.

ஏஜென்ட் இல்லாமல் நடவு நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் திரட்டவும் ரயில் டிக்கெட் போடவும் ஒருவர் வேண்டும். அவர் ஒருவரே வாயாகவும் காதாகவும் கல்லாப்பெட்டியாகவும் இருக்கக்கூடாது. கீரப்பாளையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் முக்கியமான மொழியியல் துறைகளில் ஒன்று அங்கே உண்டு, வேளாண்புலமும் உண்டு. அந்த இரண்டு துறை மாணவர்களும் ஒரு நடவுப் பருவம் வயலில் இறங்கினால் தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் ஒரே தாளில் அடங்கும் சொற்பட்டியல் வந்துவிடும். காணி, ஏக்கர், பீகா கணக்கு, கூலி, மருத்துவமனை, யாரிடம் புகார் சொல்வது ஆகியவை அதில் இருக்கட்டும். ஒன்றிய அலுவலகமும் வேளாண் விரிவாக்க மையமும் அதை அச்சிட்டுக் கொடுக்கட்டும். வயல்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நிலத்தின் அளவையும் கூலித் தொகையையும் எண்ணில் எழுதி, ஏஜென்டிடம் மட்டும் கொடுக்காமல் நடுகிற எல்லோருக்கும் காட்டுங்கள். முடிந்தால் பணத்தையும் அவரவர் கையிலேயே கொடுங்கள்.